செம்பாறைக்கு உரியவர்கள்

பாலை என்றவுடன் நம் மனக்கண்முன் மணல் மேடுகளும் ஒட்டகங்களும் வந்து நிற்கின்றன. பழந்தமிழர் அச்சொல்லை அவ்வாறு வழங்கினாரல்லர். மழை பொய்த்து, வேனில் முதிர்ந்து, காடும் மலையும் வளங்குன்றி நின்ற நிலத்தையே அவர்கள் பாலை என்றனர். அங்கே மரம் உண்டு, புல் உண்டு, விலங்குகள் உண்டு, மனிதரும் உண்டு. அவுஸ்திரேலியாக் கண்டத்தின் நடுவே கிடக்கும் நிலமும் இந்தப் பழைய பொருளிலேயே பாலை ஆகும். செம்மண்ணின்மேல் முள்போன்ற புற்புதர்கள் குந்தியிருக்கும்; ஆங்காங்கே மல்கா மரங்கள் நிற்கும்; அரிதாக ஒரு மழை பெய்தால் சில நாட்களில் நிலம் பூக்களால் நிறைந்துவிடும். அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகரிலிருந்து ஏறக்குறைய 450 கிலோமீற்றர் இந்நிலத்தினூடே பயணஞ் செய்தால், சமவெளியின் விளிம்பில் தனியொரு பாறை எழுந்து நிற்பதைக் காணலாம். அதுவே உலுரு.

உலுரு நிலமட்டத்திலிருந்து 348 மீற்றர் உயரமும், அடியில் 9 கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுற்றளவும் உடையது. மேற்கே சிறிது தூரத்தில் 36 குவிமாடங்களாக எழுந்து நிற்கும் பாறைக் கூட்டத்துக்குக் காட்டா ஜூட்டா என்று பெயர். பல தலைகள் என்பது அதன் பொருள். இவ்விரண்டையும் உள்ளடக்கிய தேசியப் பூங்காவுக்கு உலகின் நாலாபுறத்திலிருந்தும் உல்லாசப் பிரயாணிகள் வருகின்றனர். அவர்கள் அங்கே என்ன செய்யலாம், என்ன செய்யலாகாது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வி அந்நிலத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்த வழக்காகும். அவ்வழக்கின் கதையையே இன்று கூற விரும்புகின்றேன்.

நிலத்துக்குரிய மக்கள் தம்மை ஆணங்கு என்று அழைத்துக்கொள்கின்றனர். நமது அணங்கு என்ற சொல்லை இது நினைவூட்டலாம். ஆனால் ஓசை ஒற்றுமையன்றி வேறு உறவு எதுவும் இல்லை. மனிதர் என்பதே அவர்கள் மொழியில் அதன் பொருள். உலகம் உருவான காலத்தின் வரலாறு, சமயம், ஒழுக்கம், நிலத்தைப் பேணும் முறை ஆகிய அனைத்தையும் அவர்கள் ஜுகுர்ப்பா என்ற ஒரே சொல்லில் அடக்குவர். பாறையின் ஒவ்வொரு பிளவும், குகையும், கறையும் ஜுகுர்ப்பாவின் ஓர் ஏடு. நிலநூலார் கூறும் வரலாறு வேறு. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் மலைகளிலிருந்து அடித்துவரப்பட்ட மணல் இறுகிப் பாறையாயிற்று என்றும், பின்னர் நிலம் மடிந்தபோது அதன் படைகள் ஏறத்தாழச் செங்குத்தாகத் திரும்பின என்றும் அவர்கள் விளக்குவர். பாறையின் உட்புறம் சாம்பல் நிறமே. அதிலுள்ள இரும்பு காற்றும் நீரும் பட்டுத் துருப்பிடித்தமையாலேயே வெளிப்புறம் சிவந்தது.

1872ஆம் ஆண்டில் ஏர்னஸ்ட் கைல்ஸ் என்ற ஆய்வுப் பயணி, உவர்ச் சேறு நிறைந்த ஏரியொன்றால் வழி மறிக்கப்பட்டு, தொலைவிலிருந்தே காட்டா ஜூட்டாவைக் கண்டார். ஏரிக்கு ஸ்பானிய மன்னர் அமதேயுவின் பெயரும், குன்றுகளுக்கு வூர்ட்டம்பேர்க் அரசி ஒல்காவின் பெயரும் சூட்டப்பட்டன. மறு ஆண்டு ஜூலை மாதத்தில் வில்லியம் கோஸ் என்ற நில அளவையாளர் உலுருவை அடைந்து, தென் அவுஸ்திரேலியாவின் பிரதம காரியதரிசியாக இருந்த சேர் ஹென்றி எயர்ஸின் பெயரை அதற்கு இட்டார். அந்த அரசரும் அரசியும் காரியதரிசியும் இப்பாலையைக் கண்ணாலும் கண்டவர்களல்லர். கோஸுடன் பாறையின் உச்சிக்கு ஏறியவர் கம்ரன் என்ற ஆப்கானிய ஒட்டகக்காரர். உச்சிக்கு ஏறிய முதல் அந்நியர் இருவரில் ஒருவராயிருந்தும், அவர் பெயரால் ஒரு குன்றும் இல்லை!

1920இல் இப்பிரதேசம் சுதேச மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தின் ஒரு பகுதியாயிற்று. ஒதுக்கப்பட்டது என்ற சொல்லை நம்பி அவர்கள் அமைதியாக வாழ்ந்தனர் என்று எண்ணிவிடலாகாது. 1934இல், தம் குலச் சட்டத்தின்படி ஒருவனைக் கொன்றனர் என்ற குற்றச்சாட்டில் சிலரைப் பில் மக்கினன் என்ற பொலிஸ் உத்தியோகத்தர் கைது செய்து சங்கிலியிட்டார். அவர்கள் தப்பி உலுருவை நோக்கி ஓடினர். பாறையின் தென்புறத்திலுள்ள முட்டிஜுலு என்ற சுனையருகே, ஒரு குகையில் ஒளிந்திருந்த யொக்குனுன்னா என்பவரை மக்கினன் சுட்டார். சில மணி நேரத்தில் அவர் இறந்தார்.

மறு ஆண்டு விசாரணைச் சபை ஒன்று ஒட்டகங்களில் ஏறி அவ்விடத்துக்கே வந்தது. குறி பாராமலே சுட்டதாக மக்கினன் சாட்சியம் அளித்தார். சபை அவர் செயலைச் சட்டத்துக்கு உட்பட்டதெனக் கொண்டது. எனினும் அவ்வாறு சுட வேண்டிய அவசியம் இருந்ததாக அது கருதவில்லை. இறந்தவரின் எச்சங்களைத் தோண்டியெடுத்து அடிலெயிட் நகருக்குக் கொண்டு சென்றனர். பல்லாண்டுகளுக்குப் பின், மார்க் மக்கெனா என்ற சரித்திராசிரியர், மக்கினனின் குடும்பத்தார் பாதுகாத்து வைத்திருந்த மூலக் குறிப்பேட்டைப் படித்துப் பார்த்தார். படும்படியாகவே சுட்டதாக அதில் அவர் தம் கையாலேயே எழுதியிருந்தார். மக்கெனாவின் நூல் 2021இல் வெளிவந்தது. சாட்சிக் கூண்டில் சொல்லாத உண்மையை அந்த மனிதர் ஏன் எழுதி வைத்தார், எழுதியதை ஏன் அழிக்காமல் விட்டார் என்பது சிந்திக்கத் தக்கது. ஆணங்கு மக்களுக்கோ குறிப்பேடு வேண்டியிருக்கவில்லை. நடந்ததை அவர்கள் அறிந்திருந்தனர். அச்சத்தால் அவர்களுட் பலர் நெடுங்காலம் உலுருவை அணுகாமலே இருந்தனர்.

அவர்கள் விலகி நின்ற காலத்தில் பிறர் வரத் தொடங்கினர். 1948இல் மோட்டார் வண்டிகள் செல்லக்கூடிய பாதை ஒன்று வெட்டப்பட்டது. 1958இல் உலுருவும் காட்டா ஜூட்டாவும் ஒதுக்கு நிலத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுத் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. பாறையின் அடியிலேயே விடுதிகளும் விமானத் தளமும் எழுந்தன. 1964இல், ஏறுவோர் பிடித்துக்கொள்வதற்காகச் செங்குத்தான சரிவில் இரும்புச் சங்கிலி நாட்டப்பட்டது. 1976இல் அதனை மேலும் நீட்டினர். மலையைக் கண்டவுடன் ஏற வேண்டும் என்ற ஆசை மனிதருக்கு இயல்பு என்று சொல்லலாம். ஆனால் இங்கு அவ்வாசைக்கு விலை மிகுதி. வெயிலாலும் வழுக்கலாலும் மாரடைப்பாலும் காலப்போக்கில் குறைந்தது 37 பேர் அச்சரிவில் மாண்டனர்.

ஏறுகின்ற வழி மாலா மனிதர் உலுருவுக்கு முதன்முதல் வந்தபோது சென்ற வழி எனவும், அதிற் கண்டபடி கால் வைத்தல் தகாது எனவும் ஆணங்கு கூறுவர். அதைவிட என் மனத்தைத் தொட்டது அவர்கள் கூறும் மற்றொரு காரணம். தம் நிலத்துக்கு வந்தவர் எவராயினும் அவரைக் காப்பது தம் கடமை. அவர் இங்கே இறந்தால் அத்துக்கம் தம்முடையது என்பர். சரிவில் வரிசையாக ஊர்ந்து செல்லும் மனிதரை அவர்கள் மிங்கா என்றழைத்தனர். எறும்பு என்பது பொருள். துக்கத்தினிடையேயும் நகைச்சுவை அவர்களை விட்டு நீங்கவில்லை.

1976இல் வட பிரதேசத்துக்குரிய நில உரிமைச் சட்டம் நிறைவேறியபின், ஆணங்கு தம் நிலத்தைக் கோரினர். 1979இல் நீதிபதி ரூஹி அயல் நிலங்களில் அவர்கள் உரிமையை ஏற்றுக்கொண்டார். பூங்கா ஏற்கெனவே தேசியப் பூங்காப் பணிப்பாளருக்கு உரித்தாக்கப்பட்டமையால், அதனைச் சட்டப்படி கோர முடியாது என்றார். வழக்கால் முடியாததை அரசியல் முடித்தது. 1983 நவம்பர் 11ஆந் திகதி, பிரதம மந்திரி பொப் ஹோக் நிலத்தைத் திருப்பியளிப்பதாகப் பத்து அம்ச உறுதிமொழி கொடுத்தார். பாறையில் ஏறுதல் நிறுத்தப்படும் என்பதும் அவற்றுள் ஒன்று. 1985 ஒக்டோபர் 26ஆந் திகதி மகாதேசாதிபதி சேர் நினியன் ஸ்ரீவன் உறுதிப் பத்திரத்தை ஆணங்கு மூத்தோரிடம் கையளித்தார். பாறை எல்லா அவுஸ்திரேலியருக்கும் உரியது என்ற எதிர்ப்பு வாசகத்தை இழுத்துக்கொண்டு ஒரு விமானம் மேலே பறந்தது. பத்திரத்தைப் பெற்றவர்கள் உடனேயே நிலத்தைப் பணிப்பாளருக்குக் குத்தகைக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டனர். முன்னர் பேசியபடி 50 ஆண்டுகளுக்கன்று; 99 ஆண்டுகளுக்கு. ஏறும் வழியும் மூடப்படவில்லை. பத்தில் இரண்டு பறிபோயின.

இதனைத் தோல்வி என்று சொல்வேனோ? முற்றாகச் சொல்ல மாட்டேன். முகாமைச் சபையில் ஆணங்கு பெரும்பான்மையினர் ஆயினர். நுழைவுக் கட்டணத்தில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. அதற்குச் சற்று முன்பே, 1984இல், ஏறத்தாழ 20 கிலோமீற்றருக்கு அப்பால் யுலாரா என்ற விடுதி நகர் திறக்கப்பட்டு, பாறையின் அடியிலிருந்த விடுதிகள் அகற்றப்பட்டன. ஆணங்கு விலக்கவில்லை, கேட்டுக்கொண்டனர். ஏற வேண்டாம் என்று அடிவாரத்தில் அறிவித்தல் பலகை வைத்து, நாற்புறத்தும் நடைப் பாதைகளைத் திருத்தி, கதை சொல்லக் காத்திருந்தனர். 1990களில் வந்தோரில் நாலில் மூவரளவு ஏறினர். 2010இல் வகுக்கப்பட்ட திட்டம், ஏறுவோர் தொகை 20 வீதத்துக்குக் குறைந்தால் வழியை மூடலாம் என்றது. சில ஆண்டுகளில் அது 16 வீதமாயிற்று. 2017 நவம்பர் முதலாந் திகதி சபை ஒருமனதாக முடிவெடுத்தது. 2019 ஒக்டோபர் 26ஆந் திகதி, நிலம் திரும்பி 34 ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், வழி மூடப்பட்டது. மூடுமுன் இறுதி மாதங்களில் ஏறுவோர் கூட்டம் பெருகியதையும் சொல்லத்தான் வேண்டும். வாக்களித்த ஹோக் அவ்வாண்டு மே மாதத்திலேயே காலமாகிவிட்டார். சங்கிலியும் கம்பங்களும் அகற்றப்பட்டன. இலட்சக்கணக்கான பாதங்கள் தேய்த்த வெளிறிய தடம் மட்டும் சிவந்த பாறையில் இன்னும் தெரிகின்றது.

இன்று அங்கு செல்வோர் நடக்கின்றனர். பாறையை முழுதாகச் சுற்றிவரும் பாதை 10 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்டது. விடியற்காலையிற் புறப்படுதல் நன்று. காட்டா ஜூட்டாவில் காற்றுப் பள்ளத்தாக்கு என்ற நெடும் பாதையை, வெப்பம் 36 பாகையை எட்டும் என்று எதிர்பார்க்கப்படும் நாட்களில், முற்பகல் 11 மணிக்கு அடைத்துவிடுவர். 1995இல் திறந்த பண்பாட்டு நிலையம், குனியா, லிரு என்ற இரு பாம்புகளின் வடிவில் மண்ணாற் கட்டப்பட்டது. வழிகாட்டிகள் மாலா நடைப் பாதையில் அழைத்துச் சென்று, மாலா மனிதரின் கதையைச் சொல்வர். மாலா என்பது முயலளவினதான சிறு வலபி விலங்கு. அது இப்பூங்காவிலிருந்து மறைந்து, 1991இல் பெருநிலத்தின் கடைசிக் காட்டுக் கூட்டமும் தீயில் அழிந்தது. வளர்த்துக் காக்கப்பட்ட இனத்திலிருந்து 24 விலங்குகள் 2005இல் வேலியடைத்த நிலமொன்றுக்குத் திருப்பிக் கொணரப்பட்டன. வழிகாட்டி கதை சொல்லும் மாலா இன்று மறுபடியும் அந்த மண்ணிலே ஓடுகின்றது.

கதை முழுவதையும் அவர்கள் சொல்லார். சில பகுதிகள் ஆடவருக்கு மட்டும், சில பெண்டிருக்கு மட்டும் உரியவை. அவ்விடங்களைப் படம் பிடிக்கவும் தடை உண்டு. எல்லாவற்றையும் அறிந்தே தீர வேண்டும் என்று வரும் பிரயாணிக்கு இது ஏமாற்றமாகலாம். ஓரிடத்தை மதிப்பதென்பது அங்கே நமக்குரியதல்லாதது ஒன்று உண்டு என ஒப்புக்கொள்ளுதல் என்றே எனக்குத் தோன்றுகிறது. முன்னர் நினைவுக்காகக் கல்லை எடுத்துச் சென்ற பலர், மனம் உறுத்தி, மன்னிப்புக் கடிதத்துடன் அதனைத் தபாலில் திருப்பி அனுப்புகின்றனர்.

பாதைகளுள் மிகச் சிறியது குனியா நடைப் பாதை. போய்வர ஒரு கிலோமீற்றர். குனியா என்ற மலைப்பாம்புப் பெண், தன் மருமகனைக் கொன்ற லிரு என்ற நச்சுப்பாம்பு வீரனைத் தோண்டுகோலால் இருமுறை அடித்தாள். அவ்விரு காயங்களையும் பாறையில் காட்டுவர். முதலாவது சிறியது, மற்றது ஆழமானது. அவளும் மருமகனும் நீரைக் காக்கும் நாகமாயினர் என்பர். பாதை முடிவது முட்டிஜுலுச் சுனையில். ஆம், 1934இல் மக்கினன் சுட்ட அதே சுனை. அடிலெயிட் நூதனசாலையில் அடையாளங் காணப்பட்ட யொக்குனுன்னாவின் மண்டையோடு, 2022 ஒக்டோபரில் அவருடைய உறவினரின் முன்னிலையில் உலுருவின் மண்ணில் அடக்கம் செய்யப்பட்டது.