பாயும் கயிறும் சொல்லும் வரலாறு



மலாய் மொழியில் கப்பலை 'கப்பால்' என்கிறார்கள். நம் தமிழ்ச் சொல்லே கடல் கடந்து போய் அம்மொழியில் நிலைத்துவிட்டது. சொல் மட்டுமா கடல் கடக்கிறது? தொழிலும் கடக்கிறது. அதற்குச் சான்றாக நம் நாட்டுப் பாய்மரக் கப்பல் ஒன்றை இன்று பார்ப்போம்.

திரங்கானு ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பூலாவ் டூயோங் என்னும் சிறு தீவு உள்ளது. அங்குள்ள மலாய்த் தச்சர்கள் மரக்கலம் கட்டுவதில் பேர் பெற்றவர்கள். 'பெடார்', 'பினாஸ்' என்பவை அவர்கள் கட்டிய பெரிய கப்பல்கள்.

அவர்கள் கையில் வரைபடம் கிடையாது. கண்தான் அளவுகோல். செங்கால் மரப் பலகைகளை நெருப்பில் வாட்டி வளைப்பார்கள். பலகையோடு பலகையை இரும்பாணி கொண்டு அல்ல, மர ஆணி கொண்டே இணைப்பார்கள். இடையில் கெலாம் மரத்தின் பட்டையை வைப்பார்கள். தண்ணீர் பட்டதும் பட்டை உப்பி, இடுக்கை அடைத்துக்கொள்ளும். மேனாட்டார் பெரும்பாலும் விலா எலும்பு போன்ற சட்டங்களை முதலில் நிறுத்திப் பிறகு பலகை அடிப்பார்கள். இவர்களோ பலகையால் உடலை உருவாக்கிய பிறகே உள்ளே சட்டம் வைத்தார்கள்.

இனி, பாயைக் கவனிப்போம். பினாஸின் முகப்பும் பின்புறமும் ஐரோப்பியக் கப்பலின் சாயல் கொண்டவை. அதன் இரண்டு பாய்மரங்களிலும் ஏறியதோ சீனப் பாய்! பாயின் தலைப்பில் பருமல் என்னும் கனத்த கழி இருக்கும். அதை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் குறுக்கே வரிசையாகக் கழிகள் கட்டியிருக்கும். அக்கழிகளின் நுனியிலிருந்து வரும் சிறு கயிறுகள் ஒன்றுகூடித் தாமான் என்னும் கயிற்றில் முடியும். அதை இழுத்தும் தளர்த்தியும் காற்றுக்கு ஏற்பப் பாயைத் திருப்புவார்கள்.

திடீரென்று புயற்காற்று வந்தால் என்ன செய்வது? ஐரோப்பியரின் பெரிய கப்பல்களில் மாலுமிகள் உயரே ஏறிப் பாயைச் சுருட்ட வேண்டும். கால் தவறினால் உயிர் போகும். இங்கே யாரும் ஏற வேண்டியதில்லை. ஆஞ்சானைத் தளர்த்தினால் போதும். கழிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, ஓலைப்பாய் மடிவதுபோல் பாய் மடிந்துவிடும். பயனுள்ளதை எவரிடமிருந்தும் கற்கத் திரங்கானுத் தச்சர்கள் வெட்கப்படவில்லை.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையை மூடிவிடும். அந்த மாதங்களில் கப்பலைப் பழுது பார்ப்பார்கள். கிழிந்த பாயைத் தைப்பார்கள். துணி உளுத்துப்போகாமல் இருக்க, அலையாத்தி மரப்பட்டைச் சாயத்தில் பாயைத் தோய்ப்பதும் இந்தக் கடல்களில் வழக்கம். கடல் அமைதியானதும் கருவாடு ஏற்றிச் சிங்கப்பூருக்குப் புறப்படுவார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இயந்திரப் படகுகள் பெருகின. சாலைகளும் வந்தன. 1990ஆம் ஆண்டில் சுல்தான் மாமூட் பாலம் டூயோங் தீவையே கரையோடு இணைத்துவிட்டது. பாய்க்கு வேலை இல்லாமற் போயிற்று. வேலை போனதும் இளைஞர்கள் கற்க வரவில்லை. ஏட்டில் எழுதாத கலை, முதியவரோடு மண்ணுக்குள் போகத் தொடங்கியது.

ஆயினும் முழுவதும் போய்விடவில்லை. ஜெர்மானியர் ஒருவர் விரும்பிக் கேட்டதால், 'நாகா பெலாங்கி' என்னும் பினாஸை அத்தச்சர்கள் பழைய முறையிலேயே கட்டினார்கள். அது 2009ஆம் ஆண்டில் நீரில் இறங்கியது. கேட்பதற்கு ஒருவர் இருந்தார். கலை ஒரு முறை உயிர்த்தது.

நேயர்களே, இது நமக்கும் உரிய செய்தி அல்லவா? மரத்தைக் காயப்படுத்தாமல், பட்டையை மட்டும் சீவிப் பால் எடுத்த கைகள் நம் வீடுகளில் உண்டு. கத்தியை எவ்வளவு ஆழம் செலுத்துவது என்று அந்தக் கைகளுக்குத்தான் தெரியும். நம் பிள்ளைகள் பால்மரம் வெட்டப் போக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. தாத்தா பாட்டியிடம் அந்த வேலையைப் பற்றிக் கேட்கட்டும். கேட்டதை ஓர் ஏட்டில் எழுதி வைக்கட்டும். இன்று கேட்டால் பதில் சொல்ல அவர்கள் இருக்கிறார்கள்.