பழவேற்காட்டுக் கத்தரினா

போன எபிசோட்ல 'அடுத்த தடவை ஊர் சுத்தப் போறோம்'னு சொல்லியிருந்தேன். போயிட்டு வந்தாச்சு. மைக்கை முழுக்க காத்துல பிடிச்சதால பாதி ஆடியோ வீணாப் போச்சு. அதனால வீட்டுக்கு வந்து திரும்பப் பேசறேன்.

நான் இருக்கறது படப்பையில. எங்க ஊர்க்காரங்களுக்குக் கடல்னா கோவளம், மகாபலிபுரம். வடக்குப் பக்கம் யாரும் வண்டியைத் திருப்பறதே இல்ல. ஆனா வெளிவட்டச் சாலைன்னு ஒண்ணு இருக்கே, வண்டலூர்லேர்ந்து மீஞ்சூர் வரைக்கும் சுமார் 62 கிலோமீட்டர். ஞாயிறு விடியக்காலை அதுல பைக்கை ஏத்தினேன். மீஞ்சூர்ல இறங்கி, பொன்னேரியில டீ குடிச்சு, அங்கேர்ந்து கிழக்க ஒரு சின்ன ரோடு. மொத்தம் நூறு கிலோமீட்டர் சொச்சம். ரோடு முடியற இடத்துல ஒரு ஏரி, அதுக்கு அந்தப் பக்கம் கடல். அதுதான் பழவேற்காடு.

ஊர் சின்னது. மீன் மார்க்கெட், மசூதி, சர்ச், பழைய பெருமாள் கோயில், படகுத்துறை எல்லாமே நடக்கற தூரத்துல. வண்டியை ஓரமா நிறுத்திட்டு முதல்ல போனது டச்சுக் கல்லறைக்கு. தொல்லியல் துறை பாதுகாக்கற இடம். வாசல்ல ரெண்டு பக்கமும் கல்லுல செதுக்கின எலும்புக்கூடு நிக்குது. சும்மா சொல்லக் கூடாது, பட்டப்பகல்லயே கொஞ்சம் திக்குனு இருந்துச்சு.

உள்ள பெரிய பெரிய கருங்கல் பலகைகள். குடும்பச் சின்னம், பூ வேலைப்பாடு, ஓரம் முழுக்க டச்சு எழுத்து. யார் இறந்தது, எந்தத் தேதி, கம்பெனியில என்ன பதவி, எல்லாம் இருக்கு. முந்நூத்தம்பது வருஷம் மழை பெஞ்சும் நிறைய எழுத்து இன்னும் விரலுக்குத் தட்டுப்படுது.

வெளிய டீக்கடையில ஒரு பாய் கேட்டார். "எங்கேர்ந்து வர்றீங்க தம்பி?"

"படப்பை பாய்."

"அவ்ளோ தூரத்துலேர்ந்து சமாதி பாக்கவா வந்தீங்க?"

"ஆமா பாய். வரலாறு."

அவர் சிரிச்சுட்டு சொன்னார். "அதுல எங்காளுங்க யாரும் இல்லையே."

அன்னிக்கு முழுக்க இந்த வார்த்தைதான் மண்டைக்குள்ள ஓடிச்சு. இந்த எபிசோடே அதைப் பத்திதான்.

முதல்ல கொஞ்சம் பின்னணி. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-இல் தொடங்கினது. டச்சுல சுருக்கமா வி.ஓ.சி. நம்ம தூத்துக்குடி வ.உ.சி. இல்ல, அவர் கப்பல் விட்டது வேற கதை. பங்குச்சந்தை பத்திப் பேசற எந்த யூடியூப் வீடியோவைப் போட்டாலும் இந்தக் கம்பெனி வந்துடும். பொதுமக்கள்கிட்ட பங்கு வித்துப் பணம் திரட்டின முன்னோடி, கார்ப்பரேட் உலகத்தோட தாத்தான்னு. அந்தத் தாத்தாவோட ஒரு கிளை ஆபீஸ்தான் பழவேற்காடு.

அவங்களுக்கு வேண்டியது மிளகு, கிராம்பு, ஜாதிக்காய். அதெல்லாம் விளைஞ்சது இன்னிக்கு இந்தோனேசியான்னு சொல்ற தீவுகள்ல. அங்க இருந்தவங்க பதிலுக்கு ஆசையா வாங்கினது நம்ம பக்கத்துத் துணி. அதனால ஜாதிக்காய் வேணும்னா முதல்ல சோழமண்டலக் கரைக்கு வந்து துணி வாங்கணும். 1610-இல் விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயர்கிட்ட அனுமதி வாங்கி இங்க கடை போட்டாங்க. 1612-இல் மயிலாப்பூர் சாந்தோம்லேர்ந்து போர்ச்சுகீசியர்கள் வந்து அதை அடிச்சு நொறுக்கினாங்க. 1613-இல் கோட்டையோட திரும்ப உட்கார்ந்தாங்க. கோட்டைக்குப் பேர் கெல்ட்ரியா. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறற வரைக்கும் சோழமண்டலக் கரை முழுசுக்கும் அவங்க தலைமையிடம் இதுதான். சென்னையில ஆங்கிலேயர்கள் ஜார்ஜ் கோட்டைக்கு இடம் வாங்கினதே 1639-இல்தான். அதாவது, மெட்ராஸ்னு ஒரு ஊர் வர்றதுக்கு கால் நூற்றாண்டு முன்னாடியே பழவேற்காடு உலக வியாபாரத்துல இருந்துச்சு.

ஆதாரம் உங்க வீட்டுக் கொடியிலயே தொங்கலாம். துணிக்கடையில பாளையகாட் லுங்கின்னு கேட்டிருப்பீங்க. டச்சுக்காரங்க இந்த ஊரை 'பலியகட்டா'ன்னு எழுதினாங்க, ஆங்கிலத்துல 'புலிகாட்' ஆச்சு. அந்தப் பேர்தான் அது. மலேசியாவுல கட்டம் போட்ட கைலிக்கு இன்னிக்கும் 'கைன் பெலிகாட்'னுதான் பேர். துணி கப்பல் ஏறிப் போச்சு, ஊர்ப் பேரையும் கூடவே எடுத்துட்டுப் போச்சு.

கோட்டையையும் தேடிப் போனேன். அங்க இப்ப முள்ளும் புதரும் மண்மேடும்தான். மேட்டுல ஏறி நின்னா ஏரி தெரியுது. செருப்புல முள்ளு குத்தினதுதான் மிச்சம். வண்டியை எடுத்து, ஏரி மேல இருக்கற பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போனேன். ரெண்டு பக்கமும் தண்ணி. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவோட பெரிய உவர்நீர் ஏரி இதுதான். ஆனா பல இடத்துல இடுப்பளவு ஆழம்தான். தூரத்துல கம்பை ஊன்றிப் படகு தள்ளிட்டுப் போறாங்க.

தண்ணியில போகலையான்னு கேப்பீங்க. போகல. 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு இங்க சுற்றுலா வந்தவங்க படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துட்டாங்க. அந்தக் கணக்கு தெரிஞ்சப்புறம் ஒரு ரீல்ஸுக்காகப் படகு ஏற மனசு வரல. கடற்கரையில உட்கார்ந்து தண்ணியைப் பாத்துட்டு இருந்தேன்.

பெரிய கப்பல் கரைக்கு வர முடியாத கடல் இது. கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். கரையிலேர்ந்து சின்னப் படகுல சரக்கு போகணும். துணி மூட்டை அப்படித்தான் போச்சு. மனுஷங்களும் அப்படித்தான் போனாங்க.

ஆமா, அடிமை வியாபாரம். நம்ம பள்ளிக்கூடப் புத்தகத்துல அடிமைக் கப்பல்னா ஆப்பிரிக்கா, அட்லாண்டிக். இந்தக் கரையிலேர்ந்தும் போச்சு. 1614-இல் வேங்கடபதி ராயர் இறந்ததும் வாரிசுச் சண்டை. அதுக்குப் பின்னாடியே பஞ்சம். 1622, 23-இல் பழவேற்காட்டுலேர்ந்தும், கடலூர் பக்கத்துத் தேவனாம்பட்டினத்துலேர்ந்தும் பெரிய அளவுல ஆட்களை வாங்கி அனுப்பினாங்க. பணம் மட்டும் இருந்திருந்தா இன்னும் 2,000 பேர் வாங்கியிருக்கலாமேங்கறதுதான் கம்பெனி அதிகாரிகளோட குறை. பட்ஜெட் பத்தலைன்னு மேலிடத்துக்குப் போடற மெயில் மாதிரியே இருக்கு. மறுபடி 1659-லேர்ந்து 61 வரைக்கும், பீஜப்பூர் படை தஞ்சாவூரைச் சூறையாடின சமயத்துல, நாகப்பட்டினம், பழவேற்காடு உட்பட இந்தக் கரையில கம்பெனி வாங்கினது 8,000-லேர்ந்து 10,000 பேர். பெரும்பாலானோர் இலங்கைக்கு, கொஞ்சம் பேர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும். பத்தாவியாங்கறது இன்னிக்கு ஜகார்த்தா.

இன்னொரு பக்கம், 1621-இல் பாண்டா தீவுகளை டச்சுக்காரங்க பிடிச்சாங்க. ஜாதிக்காய் விளையற தீவு. அங்க இருந்த சனத்துல பெரும்பகுதியைக் கொன்னும் துரத்தியும் முடிச்சப்புறம் தோட்டத்துல வேலைக்கு ஆள் இல்ல. அந்த இடத்தை நிரப்ப அடிமைகள் தேவைப்பட்டாங்க. பஞ்சம் இங்க, தேவை அங்க. நடுவுல கம்பெனி.

ஒண்ணை மறைக்காம சொல்லணும். டச்சுக்காரங்க பெரும்பாலும் ஊருக்குள்ள புகுந்து ஆள் பிடிக்கல. நம்ம ஊர்த் தரகர்கள் கொண்டு வந்து வித்தாங்க. பசியில தன்னையோ பிள்ளையையோ வித்தவங்களும் உண்டு. அடிமை முறை இங்க ஏற்கனவே இருந்துச்சு. 'வெள்ளைக்காரன் செஞ்சான்'னு ஒரே வரியில முடிச்சுட்டா நம்ம பங்கு காணாமப் போயிடும்.

இவங்கள்ல யாரோட பேரையாவது சொல்ல முடியுமா? கப்பல் கணக்குல தலை எண்ணிக்கைதான் இருக்கும். ஒரு டேட்டாபேஸ்ல பேர்ங்கற காலமே இல்லாம எண்ணிக்கை மட்டும் வெச்ச மாதிரி. ஆனா ஒருத்தர் பேர் இருக்கு. கத்தரினா வான் பலியகட்டா. பழவேற்காட்டுக் கத்தரினா.

சுமார் 1631-இல் பிறந்தவர்னு ஆய்வாளர்கள் கணிக்கறாங்க. பத்தாவியாவுல அடிமையா இருந்தார். மலாக்காவைச் சேர்ந்த கிளாஸ்ங்கற ஒருத்தர், அவரும் அடிமைதான், கத்தரினாவோட பழகினவர். அவர் கத்தரினாவைத் தாக்க, கத்தரினா திருப்பித் தாக்க, அவர் இறந்துட்டார். 1656-இல் வழக்கு. மரண தண்டனையைக் குறைச்சு ஆயுள் முழுக்க நாடு கடத்தல்னு ஆக்கினாங்க. 1657-இல் ஆப்பிரிக்காவோட தெற்கு முனையில, நன்னம்பிக்கை முனையில வந்து இறங்கினார். அங்க டச்சுக் குடியேற்றம் தொடங்கியே அஞ்சு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. அதோட தலைவர் யான் வான் ரீபேக் வீட்டுத் துணி துவைக்கற வேலை.

அங்க ஒரு சிப்பாய் மூலமா மகன் பிறந்தான். கிறிஸ்டாபல் ஸ்னைமன், ஞானஸ்நானம் 1669-இல். பின்னாடி கத்தரினா, வங்காளத்துலேர்ந்து வந்து விடுதலையான அந்தோணிங்கறவரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். மகன் ஒரு பிரெஞ்சுப் பொண்ணைக் கட்டினான். இன்னிக்கு தென்னாப்பிரிக்காவுல ஸ்னைமன்ங்கற வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஏராளம். அவங்கள்ல நிறைய பேருக்கு மூதாட்டி இந்த ஊர்க்காரி. நிறவெறிச் சட்டம் போட்டு 'கலப்பில்லாத வெள்ளையர்'னு எழுதி வெச்ச நாட்டுல இது நடந்திருக்கு.

கோர்ட்ல கேஸ் ஆனதாலதான் நமக்கு இவரைத் தெரியுது. அமைதியா வேலை செஞ்சு செத்துப் போயிருந்தா இவரும் ஒரு எண்ணிக்கைதான். கத்தரினாங்கறது ஐரோப்பியப் பேர். அவர்கிட்ட நம்முதுன்னு மிஞ்சினது ஊர்ப் பேர் ஒண்ணுதான்.

சாயங்காலம் திரும்பி வந்தப்ப படகுத்துறையில வலை பிரிச்சுட்டு இருந்தாங்க. இந்த ஏரியில 'பாடு'ன்னு ஒரு முறை இருக்கு. இன்னிக்கு எந்த இடத்துல யார் வலை போடறதுன்னு முறை வெச்சுப் பங்கு போட்டுக்கறது. முகத்துவாரம் மணல் மூடினா மீன் வரத்தே குறைஞ்சுடும். அவங்க கவலை அது. வரலாறு தேடி வர்ற நம்ம மாதிரி ஆளுங்க கல்லறையைப் படம் எடுத்துட்டு இவங்களைத் தாண்டிப் போயிடறோம்.

டீக்கடைப் பாய்கிட்ட கத்தரினா கதையைச் சொன்னேன். கிளாஸைக் கழுவிட்டே முழுசாக் கேட்டார். "பரவால்ல தம்பி, எங்காளு ஒண்ணு கிடைச்சுது"ன்னார். டீக்கு காசு வாங்கல.

நீங்க போனா கல்லறையைக் கண்டிப்பாப் பாருங்க. பாத்துட்டு அப்படியே பாலத்தைத் தாண்டிக் கடல் பக்கமும் போயிட்டு வாங்க. அங்க போர்டு எதுவும் கிடையாது. கொஞ்ச நேரம் தண்ணியைப் பாத்துட்டு நில்லுங்க, போதும்.

அடுத்த வாரம் பார்ப்போம். ஹெல்மெட் போட்டு ஓட்டுங்க.