கோட்டைக்குள் போன கோயில்

கோபுரம் சிதைந்தால் செப்பனிடலாம், சுவர் வெடித்தால் பூசலாம். திருகோணமலைக் கோணேசர் கோயில் திருப்பணியில் கைவைத்தவர்களுக்கோ செப்பனிடக் கட்டடமே இருக்கவில்லை. போர்த்துக்கேயத் தேசாதிபதி கொன்ஸ்தந்தீனு த சா அங்கே சுவாமிமலையில் நின்ற அக்கோயிலை இடித்து, 1624 அளவில் அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினான். பின்வந்த ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதைத் தம் தேவைக்குத் திருத்திக்கொண்டார்கள். 1803 இல் அது பிரெட்ரிக் கோட்டை ஆயிற்று.

கோட்டை வாயிலில் சிதைந்த தமிழ்க் கல்வெட்டொன்றும் பாண்டியரின் இரட்டைக் கயலும் இன்றும் உள்ளன. மன்னன் குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் பிரிப்பர் என அக்கல் முன்கூட்டியே சொன்னதாக நம்புவோர் பலர். எஞ்சிய சில எழுத்துகளிலிருந்து அத்தனை பெரிய தீர்க்கதரிசனத்தை எடுக்க எனக்குத் தயக்கம்தான். ஆனால் அந்தக் கல்லைப் பெயர்த்துக் கோயிலுக்குள் வைக்கலாமே என்று எவரேனும் கேட்டால் நான் உடன்படேன். இடிப்புக்குச் சாட்சியான கல், இடித்தவர் பதித்த இடத்திலேயே இருக்கட்டும்.

கட்டடம் போனதோடு வழிபாடு போய்விடவில்லை. காப்பாற்றப்பட்ட மூர்த்தி என்று போற்றப்படுபவருக்குத் தம்பலகாமத்து வயல்களின் நடுவே ஆதிகோணேசர் ஆலயம் எழுந்தது. மலையுச்சியிலோ வெறும் பாறையே சந்நிதி. 1859 இல் வெளியான தம் இலங்கை நூலில் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் அங்கு நடந்த வழிபாட்டை விவரிக்கிறார்: பக்தர்கள் பூவும் பழமும் கொண்டுவருகிறார்கள், பூசகர் எரியும் தூபக்கலத்தைத் தலைக்கு மேலே உயர்த்துகிறார். கூரையில்லை, மூலஸ்தானமில்லை. சம்பந்தர் பதிகம் பெற்ற தலத்தில் பூசை மட்டும் நடந்தது.

1950 இல் நகரசபையின் கிணற்று வேலையில் மண்ணுக்கடியிலிருந்து சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. சோழர் காலக் கைவண்ணம் அவற்றில் தெளிவு. யாரோ அஞ்சி, அவசரமாக, ஆனால் பக்குவமாகப் புதைத்திருக்கிறார்கள். 1956 இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் சுழியோடி மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கி, செதுக்கிய கற்களையும் தூண்களையும் கண்டார்கள். ஓர் இலிங்கமும் கரையேறியது. 1963 மார்ச்சில் புதிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. கிணற்றடியில் கிடைத்த மூர்த்திகள் ஊர்வலம் வந்து மீண்டும் மலையேறின.

அன்றைய திருப்பணியாளர்கள் பழைய பெருங்கோயிலைக் கற்பனையில் வரைந்து கட்ட முற்படவில்லை. சிறிய கோயிலோடு நின்றார்கள். பணமின்மையும் காரணமாயிருக்கலாம், எதுவாயினும் நல்லதே நடந்தது. இல்லாத கோயிலைச் சீமெந்தில் வார்த்திருந்தால் இருக்கின்ற எச்சங்களை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி ஒரு திருப்பணி தொடங்குமானால் வர்ணப் பூச்சுக்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. கோட்டை மதிலில் தெரியும் கோயிற் கற்களையும் கடலடித் தூண்களையும் ஒன்றுவிடாமல் அளந்து, படமெடுத்து, இருந்த இடத்திலேயே விட்டுப் பதிவு செய்யவேண்டும். கோட்டைக்குள் இன்றும் இராணுவம் இருக்கிறது. கடலடிக்கோ தொல்லியல் அறிந்த சுழியோடிகள் வேண்டும். அனுமதிக் கடிதங்களை முதலில் எழுதத் தொடங்கலாம்.