கோப்புக் கோட்டை – 9: நாற்பது பேர்

வேலையை இனி எங்கள் கையிலேயே எடுத்துக்கொள்கிறோம் என்று எஃப்.பி.ஐ. அறிவித்த இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். அறிவித்தது 2010 செப்டம்பரில். வாஷிங்டனில் அதை நம்பியவர்கள் அதிகம் இருந்திருக்க முடியாது.

காரணம், கணக்கு அப்படி. காகித வழக்குக் கோப்புகளைக் கணினிக்கு மாற்ற எடுத்த ‘விர்ச்சுவல் கேஸ் ஃபைல்’ என்ற முதல் முயற்சி சுமார் 17 கோடி டாலரை விழுங்கிவிட்டு 2005-ல் கைவிடப்பட்டது. அதன் இடத்தில் வந்த ‘சென்டினல்’ 2006 மார்ச்சில் லாக்ஹீட் மார்ட்டினிடம் ஒப்படைக்கப்பட்டது. 2009 டிசம்பருக்குள் முடிந்திருக்க வேண்டும். 2010 ஆகஸ்டில் எட்டிப் பார்த்தால், ஒதுக்கிய 45.1 கோடி டாலரில் 40.5 கோடி காலி. நான்கு கட்டங்களில் இரண்டுதான் கைக்கு வந்திருந்தன. 18 காகிதப் படிவங்களில் நான்கை மட்டும் கணினியில் நிரப்பலாம். நிரப்பியதை அச்செடுத்து, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, பழையபடி காகிதக் கோப்பிலேயே சேர்க்க வேண்டும்! இதே வழியில் போனால் இன்னும் ஆறு ஆண்டும் 35.1 கோடி டாலரும் ஆகும் என்று மதிப்பிட்டது மைட்டர் நிறுவனம்.

மிச்சமிருக்கும் பணமே போதும், ஓராண்டு போதும் என்றது எஃப்.பி.ஐ.

இந்தத் துணிச்சலுக்குப் பின்னால் இரண்டு பேர். தலைமைத் தகவல் அதிகாரி சாட் ஃபுல்கம், லீமன் பிரதர்ஸில் இருந்து வந்தவர். தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஜெஃப் ஜான்சன். அவர்கள் பொறுப்பில் நடந்த முதல் மாற்றம் ஆட்குறைப்பு. ஏறத்தாழ 220 ஆக இருந்த ஒப்பந்த ஊழியர்கள் 40 ஆனார்கள். தாமதமான வேலைக்கு மேலும் ஆளைக் கூட்டுவதுதான் எந்த அலுவலகத்திலும் வழக்கம். இவர்கள் நேர் எதிர்த் திசையில் போனார்கள். மிஞ்சிய சிறு கூட்டம் ஹூவர் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒன்றாக உட்கார்ந்தது.

ஈசல் நிறுவனத்தில் 1993-ல் ஜெஃப் சதர்லேண்ட் சோதித்து, 1995-ல் கென் ஷ்வேபரோடு சேர்ந்து ஆஸ்டின் மாநாட்டில் முன்வைத்த ஸ்க்ரம் முறையை மூன்றாம் அத்தியாயத்தில் பார்த்தோம். அதுதான் இப்போது அமெரிக்காவின் மிக இறுக்கமான அலுவலகங்களில் ஒன்றுக்குள் நுழைந்தது. சென்டினல் செய்ய வேண்டிய அத்தனையும் 670 ‘ஸ்டோரி’களாக உடைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஒரு பயனாளியின் தேவை: ஏஜென்ட் ஒரு விசாரணைக் குறிப்பை மேலதிகாரியின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும் என்பது போல. எது முக்கியமோ அது வரிசையில் முதலில். இரண்டு வாரம் ஒரு ஸ்பிரிண்ட். அதற்குள் முடிக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொள்வது.

தினசரி ஸ்டாண்ட்-அப் கூட்டமும் உண்டு. அந்தப் பெயரில் காலைதோறும் மேலாளரிடம் வருகைப்பதிவு கொடுத்துக்கொண்டிருக்கும் வாசகர்கள் மன்னிக்க வேண்டும்: சென்டினலை நகர்த்தியது அந்தப் பதினைந்து நிமிடம் அல்ல என்பது என் கட்சி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நடந்த டெமோதான் நகர்த்தியது.

முந்தைய பத்தாண்டில் எஃப்.பி.ஐ. என்ன செய்தது? விர்ச்சுவல் கேஸ் ஃபைலுக்கு 800 பக்கத்துக்கு மேல் தேவைப் பட்டியல் எழுதியது. பிறகு காத்திருந்தது. 2003 டிசம்பரில் சாப்ட்வேர் வந்து சேர்ந்தபோதுதான், கேட்டதும் கிடைத்ததும் வேறுவேறு என்று தெரிந்தது. சொன்னதற்கும் கண்ணால் பார்த்ததற்கும் இடையில் ஆண்டுகள் ஓடியிருந்தன. அந்த இடைவெளியில் எல்லா அறிக்கையும் ‘வேலை நடக்கிறது’ என்றே சொல்லும். யாரும் பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை.

இப்போது அந்த இடைவெளி இரண்டு வாரமாகச் சுருங்கியது. திரையில் ஓடினால் முடிந்தது, ஓடாவிட்டால் முடியவில்லை. ‘தொண்ணூறு சதவீதம் ஆகிவிட்டது’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. பார்ப்பவர் இது என் வேலைக்கு ஆகாது என்றால், வீணானது அதிகபட்சம் இரண்டு வார உழைப்பு. நீதித்துறைத் தலைமை ஆய்வாளரின் தணிக்கை அறிக்கையிலேயே ஸ்பிரிண்ட் கணக்கு இடம்பெற ஆரம்பித்தது. படிநிலையும் ரகசியமுமாகவே வளர்ந்த ஓர் அலுவலகத்தில், ஒரு திட்டத்தின் உண்மை நிலை கீழே இருப்பவருக்கும் மேலே இருப்பவருக்கும் ஒரே நாளில் தெரிவது சாதாரண மாற்றமில்லை.

அந்த வெளிச்சம் கசப்பான சேதியையும் மறைக்கவில்லை. ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் எவ்வளவு முடிகிறது, எவ்வளவு மிச்சம் என்று கூட்டிப் பார்த்தால், ஓராண்டுக் கெடு எட்டாது என்பது தெரிந்துபோயிற்று. 2011 செப்டம்பர் வந்தது, போனது. சென்டினல் வரவில்லை. ‘மூன்றாவது தோல்வியா?’ என்று கேட்கக் காத்திருந்தவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அடித்தளத்தில் பதற்றம் வேறு. ஒவ்வொரு ஸ்டோரியும் டெமோவில் தனித்தனியாக ஓடிக் காட்டியிருக்கிறது. பல ஊர் அலுவலகங்களில் இருந்து நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்தால் என்ன ஆகும்? அதைப் பார்க்க நாள் குறித்தார்கள்: 2011 அக்டோபர் 13.

ஏஜென்ட்களும் ஆய்வாளர்களும் அவரவர் மேசையில் இருந்து உள்ளே வந்தார்கள். படிவங்களைத் திறந்தார்கள், நிரப்பினார்கள், அனுப்பினார்கள். சென்டினல் படுத்தது. எழுப்பினார்கள். மறுபடி படுத்தது.

தவறு நாற்பது பேர் எழுதிய நிரலிலா, அது ஓடிய இயந்திரங்களிலா? முதலாவது என்றால் ஓராண்டு உழைப்பைத் திரும்பப் பிரிக்க வேண்டும். இரண்டாவது என்றால் புதிதாக வாங்க வேண்டும். கஜானாவிலோ சொற்பப் பணம்தான் மிச்சம். விடை சில நாட்களில் ஃபுல்கமின் மேசைக்கு வந்தது.

(அடுத்த வாரம் தொடரும்)