தமிழ் இணைய நகைச்சுவை விமர்சனக் குழுக்கள்

தமிழ் இணைய நகைச்சுவை விமர்சனக் குழு என்பது திரைப்படங்களையும் அன்றாட வழக்கங்களையும் கேலியாக மதிப்பிடும் காணொளிகளைக் கூட்டாக எழுதி, நடித்து, யூடியூப் முதலிய தளங்களில் வெளியிடும் கலைஞர்களின் குழு ஆகும். இத்தகைய குழுக்கள் தமிழ்நாட்டில் 2010களின் நடுப்பகுதியில் பெருகின. குழுவாக இயங்குவதே இவற்றின் வலிமை. ஆனால் நிகழ்ச்சியின் பெயரும் பழைய காணொளிகளும் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியால் இவற்றுள் சில பிரிந்தும் பெயர் மாறியும் வந்துள்ளன.

முன்னோடிகள்

கதையை நடத்திக்கொண்டே அதனைக் கேலி செய்யும் மரபு தமிழில் பழையது. வேலூர், திருவண்ணாமலை உள்ளிட்ட வடதமிழகப் பகுதிகளில் ஆடப்படும் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேடமிட்டவர்களை அறிமுகப்படுத்துகிறான், இடையில் புகுந்து கேள்வி கேட்கிறான், அரசனையும் விட்டுவைப்பதில்லை. இணைய விமர்சனத்தில் ஒருவர் படத்தைப் பற்றிப் பேச, அருகில் இருப்பவர் குறுக்கிட்டுக் கேலி பேசும் அமைப்பு இதனை நினைவூட்டுகிறது.

நேரடி முன்னோடி என விஜய் தொலைக்காட்சியின் 'லொள்ளு சபா'வைக் கூறலாம். 2000களில் ஒளிபரப்பான இந்நிகழ்ச்சியை ராம்பாலா இயக்கினார். சந்தானம், சுவாமிநாதன், மனோகர் முதலியோர் நடித்தனர். வெற்றி பெற்ற படங்களை முழுமையாகத் திரும்ப நடித்துக் காட்டியதே இதன் விமர்சன முறை. திரைப்படத் துறையில் இதற்கு இணையாக சி. எஸ். அமுதன் இயக்கிய 'தமிழ்ப் படம்' 2010 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

முக்கிய குழுக்கள்

'ஸ்மைல் சேட்டை' அலைவரிசையின் நகைச்சுவை விமர்சனங்கள் வழியாக ஆர்ஜே விக்னேஷ்காந்த் அறியப்பட்டார். பின்னர் அவர் 'பிளாக் சீப்' குழுவைத் தொடங்கினார். 'புட் சட்னி'யை கல்ச்சர் மெசின் என்ற நிறுவனம் நடத்தியது. ராஜ்மோகன் இதில் தோன்றியவர்களுள் ஒருவர். 'டெம்பிள் மங்கீஸ்' குழுவில் விஜய் வரதராஜ், சாரா, அப்துல் ஆகியோர் இயங்கினர். சென்னைக்கு வெளியே கோயம்புத்தூர் இரு பெரும் குழுக்களைத் தந்தது: 'எருமை சாணி', 'நக்கலைட்ஸ்'. கொங்கு வட்டார வழக்கைத் தயக்கமின்றிப் பயன்படுத்தியது நக்கலைட்சின் தனித்தன்மை ஆகும்.

கோபி, சுதாகர் இருவரும் 'மெட்ராஸ் சென்ட்ரல்' அலைவரிசையில் நடித்த 'பரிதாபங்கள்' தொடர் பெரும் புகழ் பெற்றது. அவர்கள் அங்கிருந்து விலகி, 2018 ஆம் ஆண்டில் அதே பெயரில் தனி அலைவரிசை தொடங்கினர். நிகழ்ச்சியின் பெயரைக் கலைஞர்கள் தம்முடன் கொண்டு செல்ல முடிந்தமைக்கு இது குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு. 2019 ஆம் ஆண்டில் இவர்கள் ரசிகர்களிடம் நிதி திரட்டித் திரைப்படம் எடுக்கவும் முயன்றனர்.

உருவாக்கும் முறை

ஒரு படத்தின் விமர்சனம் படம் வெளியான ஓரிரு நாட்களுக்குள் வந்தால்தான் பார்வையாளர் கிடைப்பர். எனவே வேலையைப் பகிர்ந்துகொள்வது இன்றியமையாதது. ஒருவர் எழுத, மற்றவர் நடிக்க, இன்னொருவர் படத்தொகுப்பைக் கவனிக்கிறார். எனினும் சிறு குழுக்களில் இப்பிரிவு தெளிவாக இருப்பதில்லை. சிரிப்பை உண்டாக்கும் வரி பெரும்பாலும் படப்பிடிப்பின்போது எவரோ ஒருவர் வாயிலிருந்து வருவது. அதனை எழுதியவர் யார் என்று பின்னர் பிரித்துக் கூறுவது கடினம்.

படக்காட்சிகளை அப்படியே சேர்ப்பதிலும் சிக்கல் உண்டு. யூடியூப் 2007 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய 'கன்டென்ட் ஐடி' முறை, பிறருக்கு உரிய காட்சியையும் இசையையும் தானாகவே கண்டறிகிறது. உரிமையாளர் அக்காணொளியைத் தடுக்கலாம். அல்லது அதன் விளம்பர வருவாயைத் தாமே பெறலாம். காட்சியைக் காட்டாமல் நடித்துக் காட்டும் குழுக்கள் இத்தடையைப் பெரிதும் தவிர்க்கின்றன. நல்ல நடிகர்கள் உள்ள குழுவே நிலைப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

உரிமைச் சிக்கல்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, காணொளிப் பதிவையும் திரைப்படம் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. அதன்படி திரைப்படத்தின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளரே. ஆகவே பணம் போட்டு அலைவரிசையை நடத்துபவரிடமே காணொளியின் உரிமை பொதுவாக இருக்கும். அதில் நடித்தவர் விலகினாலும் காணொளி அங்கேயே தங்கிவிடும். எழுத்துப் பிரதி தனி இலக்கியப் படைப்பாகக் கருதப்படும். ஆனால் எழுத்தாளர் ஊதியம் பெறும் பணியாளராக இருந்து, வேறு ஒப்பந்தமும் இல்லாவிடில், அதுவும் நிறுவனத்தைச் சேரும். பலருடைய பங்கைப் பிரித்தறிய இயலாத படைப்பை இச்சட்டம் கூட்டுப் படைப்பு என்கிறது. நண்பர்கள் சேர்ந்து தொடங்கும் குழுவுக்கு இவ்வரையறை பொருத்தமானது. ஆயினும் பங்கு எவ்வளவு, பெயர் யாருக்கு என்பவற்றை எழுத்து மூல ஒப்பந்தமே தெளிவாக்கும்.

வருவாயிலும் இதே நிலை காணப்படுகிறது. யூடியூபின் விளம்பரப் பங்கு அலைவரிசையுடன் இணைக்கப்பட்ட கணக்குக்கே செல்கிறது. விருந்தினராக வந்து நடித்த பிற அலைவரிசைக் கலைஞருக்கு அத்தளம் அதிலிருந்து எதையும் தானாகப் பிரித்துத் தருவதில்லை. இதனால் கூட்டு நிகழ்ச்சிகளில் "இம்முறை உங்கள் அலைவரிசையில், அடுத்த முறை எங்கள் அலைவரிசையில்" என்ற கைமாற்று முறையும் கையாளப்படுகிறது.

அமெரிக்காவில் டக் வாக்கர் 2007 ஆம் ஆண்டில் தொடங்கிய 'நாஸ்டால்ஜியா கிரிட்டிக்' என்ற கேலி விமர்சனம், 'சேனல் ஆசம்' என்ற பெரும் கூட்டணியாக வளர்ந்தது. விமர்சகர்கள் பலர் சேர்ந்து 2010, 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் ஆண்டு நிறைவுப் படங்களில் நடித்தனர். 2018 ஆம் ஆண்டில் முன்னாள் பங்களிப்பாளர்கள் தங்கள் குறைகளைத் தொகுத்து வெளியிட்டதைத் தொடர்ந்து, எஞ்சியிருந்தவர்களுள் பெரும்பாலோர் வெளியேறினர்.

திரைத்துறையுடன் உறவு

விமர்சித்தவர்களே திரைத்துறைக்குள் நுழைவது தமிழில் வழக்கமாகிவிட்டது. 'நெஞ்சமுண்டு நேர்மையுண்டு ஓடு ராஜா' (2019) படத்தில் விக்னேஷ்காந்த் நடித்தார். எருமை சாணியின் விஜய்குமார் ராஜேந்திரன் 'டி பிளாக்' (2022) படத்தையும், ராஜ்மோகன் 'பாபா பிளாக் சீப்' (2023) படத்தையும் இயக்கினர். நக்கலைட்சைச் சேர்ந்த ராஜேஸ்வர் காளிசாமி இயக்கிய 'குடும்பஸ்தன்' 2025 சனவரியில் வெளிவந்து வெற்றி பெற்றது. அதனை அவருடன் சேர்ந்து எழுதிய பிரசன்னா பாலச்சந்திரனும் அதே குழுவினர்.

மறுபுறம், 'கங்குவா' (2024) படத்துக்கு எதிர்மறை விமர்சனங்கள் வந்தபின், படம் வெளியான முதல் 3 நாட்களுக்கு இணைய விமர்சனங்களைத் தடை செய்யக் கோரித் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகியது. 2024 திசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது.