மலை, சுங்கம், என்ஜின்: கேரள எல்லையில் சுமைவண்டிகளின் எரிபொருள் வரலாறு

கனரக வாகனங்களின் எரிபொருள் சிக்கனம் பெரும்பாலும் என்ஜினின் வரலாறாகவே எழுதப்படுகிறது. எண்ணூரிலும் ஜாம்ஷெட்பூரிலும் உருவான லாரிகள், எரிபொருள் செலுத்தும் கருவிகளின் மேம்பாடு, பாரத் ஸ்டேஜ் விதிகள் என அது வரிசையாகச் செல்லும். பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லையிலிருந்து நோக்கினால் இவ்வரிசை தலைகீழாகிறது. அங்கே சுமைக்கான செலவை முதலில் மலையும் அடுத்துச் சுங்கமும் தீர்மானித்தன. என்ஜின் மூன்றாவதாகத்தான் வருகிறது.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் திறந்துகிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். சென்னையிலிருந்து மேற்குக் கரையின் பேப்பூருக்கு 1862இல் நிறைவுற்ற இருப்புப்பாதை இவ்வழியையே பற்றிக்கொண்டது. வேறு வழியைத் தேட வேண்டிய தேவையே எழவில்லை. தெற்கே இடுக்கியில் அப்படியொரு வாயில் கிடையாது. போடிமெட்டு, கம்பம்மெட்டு என ஊர்ப்பெயர்களே மேட்டைச் சுமந்து நிற்கின்றன.

இவ்வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏற்றம் ஏறத்தாழ 1000 மீட்டர். ஒரு டன் எடையை அவ்வளவு உயரம் தூக்க ஏறக்குறைய 10 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் 36 மெகாஜூல் அளவு இருந்தாலும், நல்ல என்ஜினில்கூட அதில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மேல்தான் சக்கரத்தைச் சேரும். ஆகவே டன்னுக்கு முக்கால் லிட்டர்; 16 டன் லாரிக்கு 12 லிட்டர். சாலை உராய்வும் காற்றின் தடையும் இதில் சேரவில்லை. எவ்வளவு திறமையான ஓட்டுநராலும் இந்தப் 12 லிட்டரை வெகுவாகக் குறைக்க இயலாது. மீட்க வழியுள்ள இடம் இறக்கமே. அங்கோ அதே ஆற்றல் பிரேக்கில் வெப்பமாகிக் கரைந்துவிடுகிறது.

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்கள் இச்சிக்கலை டீசல் வருவதற்கு முன்பே எதிர்கொண்டன. 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைந்தது. எவிங் முறை எனப்பட்ட அதில் வண்டியின் எடை பெரும்பாலும் தண்டவாளத்தின் மேல் உருளும் சக்கரங்களில் தங்கும். பக்கவாட்டிலுள்ள ஒரு சக்கரம் சாலையில் உருண்டு வண்டி சாயாமல் காக்கும். இழுத்தவை மாடுகள். மண்சாலையில் உருளும் சக்கரத்தைவிட இரும்பின்மீது உருளும் இரும்புக்கு உராய்வு பன்மடங்கு குறைவு. அதனால் அதே மாடுகளால் கூடுதல் சுமையை இழுக்க முடிந்தது. எரிபொருள் சிக்கனம் என்ற சொல் அன்று வழக்கில் இல்லை. ஆனால் நடந்தது அதுவே, எரிபொருள் வைக்கோலாக இருந்தது என்பதைத் தவிர.

1908இல் அது இரண்டடி அகல ரயில்பாதையாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷன்வரை அதில் வந்த தேயிலை, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கியது. பின்னர் மாட்டுவண்டியில் போடி சென்றது. கம்பிவடத்தின் சிறப்பு எளிதில் புரிவது. இறங்கும் சுமையின் எடையே வடத்தை நகர்த்த உதவும். லாரி பிரேக்கில் வீணாக்குவதை அது வேலையாக்கும். 1924 ஜூலை வெள்ளம், மலையாளிகள் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்று இன்றும் நினைவுகூர்வது, இருப்புப்பாதையை அழித்தது. அது மீண்டும் போடப்படவில்லை. ரயில் போன பின்னும் டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. சுமை படிப்படியாகச் சாலைக்கு வந்தது. இரண்டாம் உலகப்போரின் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிவாயுவில் ஓடிய வண்டிகள் ஏற்றங்களில் திணறியது அச்சாலைக் காலத்தின் தொடக்க அத்தியாயம்.

பாலக்காட்டின் கதையில் மலை இல்லை, சாவடி உண்டு. இயற்கை திறந்துவைத்த வாயிலை வாளையாற்று வணிகவரிச் சோதனைச்சாவடி அடைத்தது. கேரளத்துக்கு அரிசியும் காய்கறியும் சிமெண்டும் கொண்டுசெல்லும் லாரிகள் அங்கே நெடுந்தொலைவு வரிசையில் நிற்பது பல ஆண்டுகள் அன்றாடக் காட்சி. நகரும் வரிசையில் என்ஜினை அடிக்கடி அணைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. சுமையேறிய வண்டியை ஒவ்வொரு முறையும் நிலையிலிருந்து கிளப்புவதற்கே டீசல் மிகுதியாகச் செலவாகும். இழந்த நேரத்தை ஈடுகட்ட அப்பால் விரைந்து ஓட்டினால் அதற்கும் தனிச் செலவு. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே எதிர்த்து வீசும் மாதங்களில் மேற்கு நோக்கிச் செல்லும் லாரிக்கு அது இன்னும் கூடும். 2017 ஜூலை 1இல் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் வணிகவரிச் சாவடிகள் நீங்கின. என்ஜினில் ஒரு திருகாணியையும் தொடாமல் மிச்சமான டீசல் இது. எரிபொருள் கொள்கை பற்றிய எழுத்துகளில் இது மிக அரிதாகவே இடம்பெறுகிறது.

இறக்கத்தில் நியூட்ரலில் ஓட்டும் பழக்கத்தையும் இப்பின்னணியில்தான் காண வேண்டும். ஒரு நடைக்கு இவ்வளவு டீசல் என்று உரிமையாளர் அளந்து தருமிடத்தில், மிச்சம்பிடிக்க ஓட்டுநருக்குத் தென்படும் ஒரே இடம் இறக்கம். உண்மையில் அங்கே மிச்சம் இல்லை. கியரில் இறங்கும்போது என்ஜினைச் சக்கரமே சுழற்றுவதால் டீசல் வரத்து அறவே நிற்கிறது. நியூட்ரலிலோ என்ஜின் அணையாதிருக்கவே டீசல் எரிகிறது. பிரேக் சூடேறிப் பிடிமானம் இழக்கும் ஆபத்து வேறு. பொதிமாட்டின் நடையிலிருந்து லாரியின் நடைவரை வந்த இச்சொல், செலவின் சுமையையும் கூடவே ஓட்டுநரின் தலைக்கு மாற்றிவிட்டது.

2017 ஆகஸ்டில் மத்திய அரசு 12 டன்னும் அதற்கு மேலுமான வாகனங்களுக்கு எரிபொருள் நுகர்வு விதிகளை அறிவித்தது. மணிக்கு 40, 60 கிலோமீட்டர் என்ற மாறா வேகங்களில் ஓட்டி அளப்பது அதன் முறை. கஞ்சிக்கோட்டுச் சமவெளியில் ஓடும் லாரிக்கு அவ்வளவு ஓரளவு பொருந்தும். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டையூசி வளைவுகளில் மாறா வேகம் என்று ஒன்று இல்லை.