ழாக் கேர் மாளிகை, பூர்ஜ்

ழாக் கேர் மாளிகை என்பது நடு பிரான்சின் பூர்ஜ் நகரில் உள்ள 15ஆம் நூற்றாண்டு நகர மாளிகை. பிற்கால கோத்திக் பாணியில் எழுந்த குடியிருப்புக் கட்டடங்களுள் பிரான்சின் தலைசிறந்த சான்றுகளில் ஒன்று. 1840இல் வெளியான வரலாற்றுச் சின்னங்களின் முதல் பட்டியலிலேயே இது இடம்பெற்றது.

கட்டியவர்

பூர்ஜில் தோல்மயிராடை வணிகரின் மகனாகப் பிறந்த ழாக் கேர், மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையோடு கப்பல் வாணிகம் நடத்திப் பெருஞ்செல்வம் ஈட்டினார். மன்னர் ஏழாம் சார்லஸின் அரண்மனைக்குத் துணிமணியும் நகைகளும் வாங்கித்தரும் பொறுப்பை ஏற்று, மன்னருக்கே கடன் கொடுக்கும் அளவுக்கு உயர்ந்தார். 1441இல் பிரபுப் பட்டம் பெற்றார். 1443இல் மாளிகையின் கட்டுமானம் தொடங்கியது.

அமைப்பு

மாளிகையின் பின்புறம் ரோமானியர் காலக் கோட்டை மதிலின் மீது எழுப்பப்பட்டது. அதனால் வெளியிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் கோட்டையாகவே தெரியும். தெருப்பக்கமோ நுண்சிற்பங்கள் நிறைந்த முகப்பு. வாயிலைக் கடந்தால் முற்றம். அதைச் சுற்றி நடைக்கூடங்களும், பின்கட்டில் வசிப்பிடமும் உள்ளன. வெந்நீராவிக் குளியலறையும் இருந்தது. வாயிலுக்கு மேலே அமைந்த சிற்றாலயத்தின் விதானத்தில், விண்மீன்கள் நிறைந்த நீலப் பின்னணியில் தேவதூதர் ஓவியங்கள் உள்ளன.

சிற்பங்கள்

கேர் என்றால் பிரெஞ்சு மொழியில் இதயம். ழாக் என்பது புனித யாக்கோபின் பெயர். சிப்பி அவரது சின்னம். எனவே இதயமும் சிப்பியும் சுவர்களிலும் கைப்பிடிகளிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. துணிந்த நெஞ்சங்களுக்கு இயலாதது எதுவுமில்லை என்னும் ழாக் கேரின் குறிக்கோள் வாசகமும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. தெருமுகப்பின் பொய்ச் சன்னல்களிலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும், யாரோ வருவதைப் பார்ப்பவர்கள்போல, எட்டிப்பார்க்கிறார்கள். முற்றத்துப் படிக்கட்டுக் கோபுரங்களில் ஒவ்வொரு கதவின் மேலும் அது இட்டுச்செல்லும் இடத்துக்கேற்ற சிற்பம் உண்டு: சிற்றாலயத்துக்குச் செல்லும் வழியில் பூசைக்கான ஆயத்தம், சமையலறைக்குச் செல்லும் வழியில் சமையல் வேலை. கப்பல் உருவமும் இடம்பெற்றுள்ளது. அரசர்களின் வெற்றிகளைச் சொல்லிவந்த கல், இங்கே ஒரு வணிகரின் தொழிலையும் வீட்டு வேலையையும் சொல்கிறது. இந்த மாளிகையின் தனிப்பெருமை அதுவே.

வீழ்ச்சியும் கைமாற்றமும்

1451இல், மாளிகை முடியும் தறுவாயில், ழாக் கேர் கைதானார். மன்னரின் காதலி அன்யேஸ் சொரெலுக்கு நஞ்சூட்டியதாகச் சாட்டப்பட்ட முதல் குற்றம் நிற்கவில்லை. பண முறைகேடு உள்ளிட்ட பிற குற்றங்களுக்காக 1453இல் தண்டிக்கப்பட்டுச் சொத்துகளை இழந்தார். சிறையிலிருந்து தப்பி ரோம் சென்ற அவர், போப்பாண்டவரின் கடற்படைப் பயணத்தில் 1456இல் கியோஸ் தீவில் இறந்தார். தாம் கட்டிய வீட்டில் அவர் நிலையாக வாழவேயில்லை. அடுத்த ஆண்டு வீடு அவருடைய பிள்ளைகளிடம் திரும்பியது.

1679இல் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் இதை வாங்கினார். 1682இல் நகராட்சி வசம் வந்தது. பின்னர் நகர மன்றமாகவும் நீதிமன்றமாகவும் பயன்பட்டது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, வாயிலின் மேல் இருந்த ஏழாம் சார்லஸின் குதிரைச் சிலை அழிக்கப்பட்டது.

பாதுகாப்பு

அலுவலகத் தேவைக்காகத் தடுப்புகள் எழுந்து உள்ளறைகள் உருமாறின. ஆனால் தொடர்ந்து பயன்பாட்டில் இருந்ததே கட்டடத்தை இடிபாட்டிலிருந்து காத்தது. 1923இல் அரசு இதை வாங்கி, விரிவான சீரமைப்பால் 15ஆம் நூற்றாண்டு அமைப்பை மீட்டது. இன்று தேசிய நினைவுச்சின்ன மையத்தின் பொறுப்பில் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. மத்தியகாலப் பேராலயங்களும் கோட்டைகளும் பல நிலைத்துள்ளன. ஒரு வணிகரின் வீடு இவ்வளவு முழுமையாக எஞ்சியிருப்பது அரிது.